கொட்டாத கம்பு

பாகூர் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் ஆறு வருடமாகச் செடிகொடிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வீட்டம்மா மாமரத்தில் மூன்று தீனிக் குழாய்களைத் தொங்கவிட்டிருந்தார். மேலே கம்பும் தினையும் போட்டால், அடியில் உள்ள துளைகளில் குருவிகள் வந்து கொத்தும். என் மனைவி அதே வீட்டில் சமையல் செய்தாள். முட்டி தேய்ந்து, களை பறிக்கக் குனிய முடியாமல் போன பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை அது. என்னால்தான் அது போனது.

குழாயைக் கழுவும் முறையை வீட்டம்மா சொல்லியிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மிச்சத் தானியத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் எச்சம் போகத் தேய்க்க வேண்டும். ஒரு குவளை பிளீச்சுக்கு ஒன்பது குவளை தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலச வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுத் தீனி. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சமையலறைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

எல்லாவற்றையும் செய்தேன், ஒன்றைத் தவிர. தானியத்தைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்கிக் கஞ்சி குடித்தவர்கள் நாங்கள். ஒரு மணி காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதனால் மிச்சக் கம்பைச் சாக்கில் பரப்பிக் காயவைப்பேன். கழுவிய குழாயில் முதலில் அதைப் போட்டு, அதன்மேல் புதியதைப் போடுவேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. சாக்கில் கிடந்த கம்பு காயவே இல்லை. முகர்ந்தேன். புளித்த வாடை லேசாக வந்தது. குருவிக்கு என்ன தெரியப்போகிறது என்று போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு சிட்டுக்குருவி இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. கிட்டே போயும் பறக்கவில்லை. மறுநாள் காலை மரத்தடியில் ஐந்து குருவிகள் செத்துக் கிடந்தன.

அம்மா வந்து பார்த்தார். பிறகு மதில்மேல் பார்த்தார். அங்கே நான்கைந்து சோற்றுப் பருக்கைகள். சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி வைப்பது என் மனைவியின் வழக்கம்.

"ஊசின சோத்தை வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? அதைத் தின்னுதான் செத்திருக்கு."

"அன்னன்னிக்கு வடிச்ச சோறுதாம்மா வெக்கிறேன். அத காக்கா தின்னுட்டுப் போயிடும்," என்றாள் அவள்.

"எதிர்த்துப் பேசாதே. உன் வீட்டுக்காரர் எவ்வளவு சுத்தமா கழுவி வைக்கிறார், நீ கெடுத்துட்டே. நாளையிலேருந்து வர வேண்டாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். என் கையுறையில் ஒரு செத்த குருவி. அம்மாவிடம் 'சரிங்கம்மா'வைத் தாண்டி நான் எதுவும் பேசியதில்லை. ஆனால் அன்று வாயை அடைத்தது கூச்சம் மட்டுமில்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும் என்பதும் தெரிந்திருந்தது. குழி தோண்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் கிருமாம்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் கேட்டாள்: "ஏன்யா, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அந்தச் சாக்க சமையக்கட்டுத் தாவாரத்துலதான போட்டிருந்த? தெனமும் அதத் தாண்டினு போனவ நானு. ஈரமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"நீயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லி உன்னையும் தொரத்தணுமா? நீ சொல்லுவன்னு பாத்தேன்." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "கொழம்புல உப்பு இல்லன்னா மட்டும் வூட்ல உன் சத்தம் ஊருக்கே கேக்கும்," என்றாள்.

இப்போது நெட்டப்பாக்கம் பக்கம் களையெடுக்கப் போகிறாள். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள். நான் தைலம் எடுத்துப் போனால், "வெச்சிட்டுப் போ," என்கிறாள்.

குருவிகள் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராமல் இருக்கட்டும் என்று அம்மா சொன்னபடி இரண்டு வாரம் குழாய்களை இறக்கி வைத்திருந்தேன். மறுபடி மாட்டியபோது மிச்சத் தானியம் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். அதன்பின் ஒரு குருவியும் சாகவில்லை. ஒரு நாள் அம்மா மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாத்தியா, அவ போனதும் எல்லாம் சரியாயிடுச்சு."

"ஆமாங்கம்மா," என்றேன்.