காணிப்பாக்கத்துச் சத்தியமும் ஒரு முழங்காலும்

தோதாத்ரியின் தமையனார் திருமலையில் கைங்கரியம் செய்துவந்தார். தம்பியோ யுத்த காலத்தில் பூனா ராணுவ ஆஸ்பத்திரிக்குக் குமாஸ்தாவாகப் போய், சிப்பாய்களின் முடங்கிய கைகால்களை மடக்கி நீட்டி வழிக்குக் கொண்டுவரும் வித்தையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு திரும்பினார். சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதுவே உத்தியோகமாயிற்று. பிசியோதெரபி என்ற சொல் யார் வாயிலும் நுழையவில்லை. உருவிவிடுகிறவர் என்ற அர்த்தத்தில் "மாலீஷ் அய்யரு" என்றார்கள். பந்தாட்டத்தில் கணுக்கால் பிசகியவர்களும் சடுகுடுவில் தோள் இறங்கியவர்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

வேர்வையிலும் சீழிலும் அவருக்கு அருவருப்பு வந்ததில்லை. அருவருப்பு வந்தது ஆதிநாராயணனால்தான்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தகராறு முற்றியிருந்த சமயம். அந்தத் தகராறில் இருந்த நகரியில் சடுகுடுவைக்கூட தமிழ்க் கட்சி, தெலுங்குக் கட்சி என்று பிரித்து ஆடினார்கள். தமிழ்க் கட்சியை நடத்தியவர் ஆதிநாராயணன். அதில் மூச்சடக்கி எதிர்க்கட்சிக்குள் பாடிப் போவதில் கெட்டிக்காரன், பக்கத்து விஜயபுரத்து முனிகிருஷ்ணன். தானே ஏர் பிடித்து நிலக்கடலை போடுகிறவன். ஓர் ஆட்டத்தில் அவன் முழங்காலுக்குள் தசைநார் கிழிந்தது. தை மாதத்துக்கு முன் களத்தில் இறங்கினால் பிறகு ஏரும் பிடிக்க முடியாது என்று சொல்லி, தோதாத்ரி அந்தக் காலை மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவனோடு ஆதிநாராயணனும் வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆட்டம் சாமி. துணிய வச்சி இறுக்கி ஒரு கட்டு கட்டி உட்ருங்க, போதும்."

"முட்டி என்ன மூட்டையா, கட்டி அனுப்ப?"

"இன்னா சாமி, நம்ம பாஷ மேல அபிமானமே இல்லியா? அவனுங்க ஜெயிச்சா ஊரே அவனுங்களுதுன்னுவானுங்க."

"எல்லைக்கோட்டை இவன் முட்டியிலயா போடப்போறா?"

முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணிட்டேன் சாமி. ஆடித்தான் ஆவணும்."

கோயில் குளத்தில் முழுக வைத்து, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நிறுத்தி, ஆதிநாராயணன் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவர்கள்கூட அந்தச் சந்நிதியில் சொன்னதை மீறமாட்டார்கள்.

தோதாத்ரி டாக்டரிடம் பேசி, அன்றே தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போடச் செய்தார். இனி மடக்கவே முடியாது என்று நம்பினார்.

ஆனாலும் மனம் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு பஸ் ஏறினார். களத்தில் முனிகிருஷ்ணன் நின்றான். கெண்டைக்காலில் வெள்ளை மாவு இன்னும் ஒட்டியிருந்தது. வாய்க்காலில் உட்கார்ந்து ஊறவைத்து, அரிவாளால் கட்டைக் கீறி எடுத்திருந்தான்.

"நிறுத்துங்கோ இதை" என்றார் தோதாத்ரி.

ஆதிநாராயணன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "அவன் சாமிக்குக் குட்த்த வாக்கு. அத்த நிறுத்த நா யாரு?"

முனிகிருஷ்ணன் பாடிப் போய் இருவரைத் தொட்டுத் திரும்பினான். முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. விழுந்தபடியே கையை நீட்டிக் கோட்டைத் தொட்டான். தமிழ்க் கட்சி ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கால் கீழே தொங்கி ஆடியது. அவன் அலறியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"கீழ இறக்குங்கடா!" என்று கத்தினார் தோதாத்ரி. அதற்கு மேல் பார்க்க முடியாமல் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

மறுநாள் மாலையும் போட்டோக்காரருமாக ஆதிநாராயணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, மாலையை முனிகிருஷ்ணன் கழுத்தில் போட்டார். "காலும் தெரியறாப்ல எடுப்பா."

முனிகிருஷ்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஏரு புடிப்பேனா சாமி?"

"மாட்டே. கம்பு ஊணி நடக்கவைக்கிறேன்."

"பயப்படாதடா" என்றார் ஆதிநாராயணன். "காலு சரியாவட்டும்னு பிள்ளையாருக்கு இன்னொரு வாட்டி வேண்டிக்கலாம்."

தோதாத்ரி அந்த மாலையைக் கழற்றி, சீழ்ப் பஞ்சு கிடந்த வாளியில் போட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர்கள் போகும்வரை நின்றார்.

எல்லை முடிவானபோது நகரியும் விஜயபுரமும் ஆந்திரத்திலேயே நின்றன. முனிகிருஷ்ணனின் நிலத்தை அவன் மைத்துனன் உழுதான். தோதாத்ரி கடைசிவரை விளையாட்டுக்காரர்களின் கைகால்களைப் பார்த்துவந்தார். கூட வருகிற பெரிய மனிதர்களை மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கவைத்தார்.