மிச்சத்தையும் சொல்லட்டும் என்று

எங்கள் கல்லூரிக் கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் எனக்கும் அவருக்கும் பழக்கமே ஏற்பட்டிருக்காது. நான் அரசியல் துறை, அவர் வரலாறு. ஒரு மழைக்காலத்தில் அவருடைய மாடியைப் பூட்டிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு மேடம்" என்று சொல்லி அவர் மேசையை என் அறைக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இரண்டு மேசை, ஒரே அலமாரி, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கம் என்னுடையது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் இருவரின் ஆராய்ச்சியையும் கேட்டால் யாரோ வேண்டுமென்றே ஜோடி சேர்த்தது போலத் தோன்றும். சட்டமன்றத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் எப்படிக் குறுக்கிடுகிறார், யார் குறுக்கிட்டால் சபை சிரிக்கும், யார் குறுக்கிட்டால் வெளியே அனுப்பும் என்பதுதான் என் வாழ்நாள் ஆராய்ச்சி. இதற்குப் பட்டம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது என் அம்மா, "இதுக்கா? இதை நீ பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து பண்றியே" என்றாள். பிள்ளைகள் நிறைந்த வீடு எங்களுடையது. சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்தால்தான் நம் கதை அரங்கேறும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை நான் பழமொழியாகக் கற்கவில்லை, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கற்றேன்.

அவர் எதிர்ப் பக்கம். வாய்மொழி வரலாறு என்பார்கள் அவர் வேலையை. ஏட்டில் எழுதப்படாத மனிதர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்வது. பெரும் தொற்று பரவிய காலத்தில் தனி வார்டில் வேலை பார்த்த செவிலியர்கள்தான் அவர் எடுத்துக்கொண்டவர்கள். பேட்டியில் அவர் பேசுவது ஒரே ஒரு சொல். "ம்." மாணவர்கள் அவருக்கு 'ம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்; கேட்டால் அதற்கும் "ம்" என்பார்.

ஒருமுறை ஒரு பதிவை எனக்குப் போட்டுக்காட்டினார். ஓய்வு பெற்ற ஒரு செவிலியர் சீருடைத் துணி எப்படி வெளுக்கும், காலணி எங்கே கடிக்கும் என்று பேசிக்கொண்டே போகிறார். பிறகு நிறுத்திவிடுகிறார். மின்விசிறிச் சத்தம். நாற்காலி ஒன்று முனகுகிறது. நான் பொறுக்க முடியாமல், "டேப் நின்னுடுச்சா சார்?" என்றேன். அவர் விரலைத் தூக்கினார். மறுபடியும் மின்விசிறி. அப்புறம் அந்தம்மா, "அந்தப் பையன் என்னை அம்மான்னு கூப்பிட்டான் சார். நான் இல்லைன்னு சொல்லல" என்றார். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒரு வாக்கியம் என் சட்டமன்ற ஆவணங்களில் ஒன்றுகூடக் கிடையாது.

"முதல்ல சொல்றது வாசல் மேடம். நாம பேசிட்டா, அவங்க வாசல்லயே நின்னுடுவாங்க" என்றார். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். பாதி வாக்கியத்தை, வழக்கம் போல, நான்தான் முடித்துக்கொடுத்தேன்.

இந்தப் பொறுமை அவரை உயர்த்தியது என்று நினைத்துவிடாதீர்கள். பதவி உயர்வுக்கான நேர்காணலில், "உங்கள் பங்களிப்பு என்ன?" என்று குழு கேட்டிருக்கிறது. இவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். குழுவும் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கனம் பிடித்தவர் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்த பொருளாதாரக்காரர் வாயாலேயே படியேறித் துறைத்தலைவர் ஆனார். எனக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட இவருக்கு வரவில்லை. நான் அவரைத் திட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை தொடங்கும் நேரம். "பொண்ணு எப்ப சார் வருது?" என்று கேட்டேன். அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் அவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்தவள், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள், பிறகு வெளியூரில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள்.

"வரமாட்டா" என்றார்.

ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அப்போதுதான் முழு பிஸ்கட்டையும் போட்டிருந்தேன். கல் மாதிரி பிஸ்கட். மென்று முடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் வாழ்நாளில் நான் அவர் முன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான். அவரும் மிச்சத்தைச் சொன்னார்.

போன வருடம் மகள் வந்திருக்கிறாள். கையில் பெட்டி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, நான் ஆராய்ச்சியை விட்டுட்டேன். சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள். இவர் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் பார்த்திருக்கிறாள், பார்த்திருக்கிறாள், பிறகு அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாள்.

பிஸ்கட் ஒருவழியாக இறங்கியது. "நீங்க ஒண்ணுமே சொல்லலையா?"

"காத்திருந்தேன்."

"எதுக்கு?"

"மிச்சத்தையும் சொல்லட்டும்னு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "சார், அவ உங்க பொண்ணு! பேட்டி குடுக்க வந்தவ இல்ல! மௌனம் சம்மதம்னு ஊரே சொல்லும். ஆனா அப்பா பேசாம இருந்தா பெத்த பொண்ணு அதைச் சம்மதம்னா எடுத்துக்கும்? ஏமாத்தம்னுதான் எடுத்துக்கும். இப்பவே போனைப் போடுங்க."

"போன் எனக்கு வராது மேடம்."

"வராததுக்குப் போன் என்ன வீணையா?"

அவர் சிரித்தார், ஆனால் போனை எடுக்கவில்லை. சரி, எழுதுங்கள் என்றேன். எழுதிப் பார்த்தாராம். எழுத எழுத அது கட்டுரை மாதிரி ஆகிவிட்டதாம்.

"அடிக்குறிப்பு போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார் வருத்தமாக.

அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எதிர் மேசையில் ஒரு மனிதர், கட்டுரை திருத்தும் சாக்கில், ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் மூக்கு தானாகப் போய்விடுகிறது.

எங்கள் கல்லூரியில் வருடா வருடம் ஒரு கூட்டம் நடக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும், "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வரிசையாக மேடையேறி, நான் எப்படி இந்தத் துறைக்கு வந்தேன், என்ன ஆராய்கிறேன் என்று சொல்வோம். ஒவ்வொரு வருடமும் அவர் நழுவிவிடுவார். அந்த வருடம் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. அவரைக் கேட்காமலேயே அவர் பெயரை அறிவிப்பில் போட்டேன். அறிவிப்பின் முன் நின்று படித்தார். திரும்பி என்னைப் பார்த்து "ம்" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு அவர் மகளுக்குப் போன் செய்து, கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.

"அங்க வந்தா மட்டும் பேசிடப் போறாரா அத்தை? அவருக்கு என்னைப் பார்த்தா ஏமாத்தம். அவ்வளவுதான்."

"அதையே எழுந்து நின்னு கேளு. மேடையில இருக்கிறவர் பதில் சொல்லித்தானே ஆகணும்?"

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பன் பிள்ளை.

கூட்டத்தன்று ஒலிபெருக்கி முதலில் ஊளையிட்டது, பிறகு பொருளாதாரக்காரர் பேசினார். தான் ஏறிய படிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, மேல்படியில் நின்றுகொண்டு இறங்கவே மறுத்தார். மனோதத்துவப் பேராசிரியை, அடுத்தவர் மனதைப் படிக்க வந்து தன் வீட்டு மாமியார் மனதில் தோற்றுப்போன கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அதற்குப் பின் இவர்.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்து, தலை நிமிராமல் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். துறைமுக வரிக் கணக்குகளை ஆராயத்தான் முதலில் வந்தாராம். காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, இரண்டு செவிலியர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டதைக் கேட்டாராம். இதை யார் எழுதிவைப்பார்கள் என்று தோன்றியதாம். வரிக் கணக்கை மூடிவிட்டாராம். அளவாக, அழகாக முடித்தார். கைதட்டினார்கள். அவர் காகிதத்தை மடிக்கும்போதே, "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவள்தான். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் கையில் காகிதம் பாதி மடிப்பில் நின்றது.

"உங்க முன்னாடி ஒருத்தர் ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரு விஷயத்தைச் சொல்றாங்க. சொல்லிட்டு நிக்கறாங்க. நீங்க ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசறதில்ல?"

கேட்டுவிட்டு உட்காரவில்லை. நின்றாள். கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஒருவர் இருமினார். மைக் என் கையில் இருந்தது. "நல்ல கேள்வி, சார் பிறகு சொல்லுவார்" என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் துள்ளியது. அவள் பார்வையைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

"நா... நா... நா..." என்றார்.

முதலில் தொண்டை கட்டியிருக்கிறது என்றே நினைத்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் தி... திக்குவாய். இந்தக் காகிதத்தை வீட்டுல வாய்விட்டுப் படிச்சுப் படிச்சுத்தான் எடுத்துட்டு வந்தேன். படிச்சா திக்காது. இப்ப திக்கும். பொ... பொறுத்துக்கணும்."

இத்தனை வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. வகுப்பில் குறிப்பைப் பார்த்து வாசித்தே பாடம் நடத்துவார்; என்னிடம் பேசினால் பாதியிலேயே நான் முடித்துவிடுவேன். மகளுக்கும் தெரியாது என்பதை அவள் முகம் சொன்னது. அவளுடைய சின்ன வயதில் அவர் அவளுக்குக் கதை சொன்னதே இல்லையாம். புத்தகத்தை வைத்து இருவரும் சேர்ந்து சத்தமாக வாசிப்பார்களாம். சேர்ந்து வாசித்தால் திக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சின்ன வயசுல கடைக்குச் சீனி வாங்க அனுப்புவாங்க. நான் சீ... சீ... ன்னு நிப்பேன். கடைக்காரர் நல்லவர். பையன் கஷ்டப்படறானேன்னு சீ... சீப்பை எடுத்துக் குடுத்துடுவார். இல்லைன்னு சொல்லணும்னா மறுபடி பேசணுமே. வாங்கிட்டு வந்துடுவேன். எங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு சீப்பு இருந்துச்சு."

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் என் பேச்சை முடிச்சுக் குடுத்தாங்க. பாசத்துலதான். ஆனா நான் சொல்ல வந்தது ஒண்ணுகூட வெ... வெளியே வரல. அதனால நான் யார் பேச்சையும் முடிக்கறதில்லைன்னு வச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச ம... மரியாதை அது ஒண்ணுதான். அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். ஏமாத்தம் இல்ல. ஏமாத்தமே இல்லம்மா."

"அம்மா" என்றதும் முன்வரிசைகள் மொத்தமும் திரும்பிப் பின்னால் பார்த்தன. இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"எனக்குப் பெ... பெ... பெ..."

சிக்கிக்கொண்டது. அவர் கை பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெருமை. அதுதானே? கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாவின் உதடு அசைந்ததைக்கூடப் பார்த்தேன். மைக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் இரண்டு கையாலும் மடியில் அழுத்திக்கொண்டேன். மகள் மட்டும் அசையவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் முன் நின்று பழகியவள் அல்லவா, அவசரமே இல்லாமல் நின்றாள்.

"பெ... பெட்டியை உன் கையிலேருந்து வாங்கி உள்ள வைக்கத் தெரியல" என்றார்.

நான் அவருக்கு ஒரு சீப்பைக் கொடுக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லிவிடுவாள், ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கூடமே எதிர்பார்த்தது. அவள் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள்.

கூட்டத்தை முடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பூட்ட வந்த காவலாளியை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். அவர் மிச்சத்தையும் சொன்னார்.