அண்ணன் வியாபாரியான காலை

துபாய்க்குச் சுற்றுலா போகிறோம் என்று சொன்னபோது பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை. வளைகுடாவுக்கு யாராவது சும்மா பார்த்துவிட்டு வரப் போவார்களா? "அண்ணனுக்கு அங்க என்ன வேலை டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். நானும் அண்ணனும் மட்டும், ஐந்து நாள், பாலைவனமும் உயரமான கட்டடங்களும் பார்க்கப் போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

அண்ணன் பரவை காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். எட்டாவதோடு நின்று மூட்டை தூக்கப் போனவர். அவர் தூக்கிய மூட்டையில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் அதற்கென்று ஒரு குறிப்பு இருக்கும். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போய் மாட்டிக்கொள்ளப் போகிறார்களோ என்று அப்படிப்பட்டவர்களை இமிகிரேஷனில் நிறுத்தித் துருவுவார்கள். திருப்தியில்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒரு அதிபுத்திசாலித்தனம் செய்தேன்.

"என்ன தொழில்னு கேட்டா காய்கறி மொத்த வியாபாரம்னு சொல்லுண்ணே."

"நானா? யாவாரியா?"

"லோடுமேன்னு சொன்னா விடமாட்டாங்க. சொன்னதச் சொல்லு."

புது பேண்ட், புது ஷூ எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். விமான நிலையத்தில் எனக்கு முத்திரை விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கவுன்ட்டரைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் பாஸ்போர்ட்டை அதிகாரி இரண்டு முறை புரட்டினார்.

"என்ன தொழில்?"

"காய்கறி மொத்த யாவாரம் சார்."

"கமிஷன் கடையா? கடை நம்பர் என்ன? லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

அண்ணன் புது பேண்ட் பையைத் தடவினார். எந்தக் கடைக்கு எந்த ஊர்த் தக்காளி வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தனக்கென்று ஒரு கடையை இட்டுக்கட்டிச் சொல்ல அவருக்கு வரவில்லை.

அதிகாரியின் குரல் மாறியது. "எந்த ஏஜென்ட் வேலைக்கு அனுப்புறான்? கூட யாரு வந்திருக்கா?"

ஹோட்டல் பதிவு, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் என் கைப்பையில் இருந்தன. அண்ணன் கூப்பிடுவார் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாருமில்ல சார். தனியாத்தான் வந்தேன்."

"அந்தம்மா உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே?"

"அவுக யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன். அதற்குள் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. அண்ணன் அதிகாரிக்குத் தெரியாமல் இடது கையைத் தாழ்த்தி, போ, போ என்று ஆட்டினார்.

திரும்பி ஓடினேன். மறித்த காவலரைச் சுற்றிக்கொண்டு போய்க் கத்தியேவிட்டேன்.

"என் கூடப்பிறந்த அண்ணன் சார் இவரு! வியாபாரி இல்ல, லோடுமேன். பரவை மார்க்கெட்டுல மூட்டை தூக்குறாரு. மாத்திச் சொல்லச் சொன்னது நான்தான்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்து, அப்பா பெயரையும் அம்மா பெயரையும் விரல் வைத்துப் படித்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டை தூக்குறதுல மறைக்க என்னம்மா இருக்கு? உள்ளதச் சொல்லி இந்தப் பேப்பரக் காட்டியிருந்தா அப்பவே விட்டிருப்பேனே" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார் அதிகாரி. இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டேன்.

விமானத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனோம். புது ஷூ கடித்து அண்ணன் நொண்டினார்.

"ஏண்ணே என்னையத் தெரியாதுன்னு சொன்ன?"

"ஏஜென்ட்டுன்னு உன்னையும் பிடிச்சு வச்சுருவாகளோன்னு பயந்துட்டேன் ஆத்தா. நீயாச்சும் போய்ப் பாத்துட்டு வரணுமேன்னுதான்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "அதுபோக, நீ சொன்ன யாவாரிக்கு ஏது தங்கச்சி? லோடுமேனுக்குத்தான தங்கச்சி இருக்கு."

கேலியாகத்தான் சொன்னார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.