பலாக் கதிரைக்குப் பூசிய சாயம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆறு கதிரைகள். அதில் ஒன்று கால் முறிந்து போனதால், கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தச்சரிடம் சொல்லி அதே மாதிரியில் புதிதாக ஒன்று செய்வித்தேன். பலா மரம். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பழைய ஐந்தும் கோப்பிக்கொட்டை போலக் கடும் கபில நிறத்தில் இருக்க, இது மட்டும் மஞ்சள் தேய்த்துக் குளித்தது போல நின்றது.

கடையில் விற்கும் மரச்சாயத்தை வாங்க முடியாது. மனைவிக்கு இழுப்பு வருத்தம். வார்னிஷ் மணம் மாடிப்படியில் வந்தாலே மூச்சு முட்டும். நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்பவன், நேரம் கையில் இருந்தது. சமையலறைச் சாமான்களிலேயே சாயம் தயாரிக்கலாம் என்று எங்கோ வாசித்து, இறங்கிவிட்டேன்.

பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரி ஒரு போத்தலில் போட்டு, மூடியை இறுக்காமல் நான்கு நாட்கள் பல்கனியில் வைத்தேன். தச்சர் தந்த பலாத் துண்டுகளில் முதலில் கடும் தேயிலைச் சாயத்தைப் பூசிக் காயவிட்டு, மேலே அந்த வினாகிரியைத் தடவினேன். தடவும்போது வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஏமாந்துபோய் உள்ளே சென்று திரும்பி வருவதற்குள் மரம் கறுத்திருந்தது. தேயிலையைக் குறைத்தேன். கோப்பி சேர்த்தேன். வினாகிரியில் தண்ணீர் கலந்தேன். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக வந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஏழாவது துண்டைப் பழைய கதிரையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே கலவையைக் கதிரை முழுவதும் பூசி, மேசையடியில் கொண்டுபோய் வைத்து, மனைவி சந்தையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

அவள் மரக்கறிப் பையைக்கூட இறக்கவில்லை.

"என்னப்பா, ஏன் பச்சை அடிச்சனீங்கள்?"

"எங்க பச்சை?"

"பகிடி விடாதேங்கோ. பாசி பிடிச்ச மதில் மாதிரிக் கிடக்கு."

"தேயிலையும் கோப்பியும் இரும்பும்தான் போட்டனான். அதில பச்சை எங்கயிருந்து வரும்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

கதிரையைப் பல்கனிக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தேன். கபிலம். உள்ளே கொண்டுவந்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன். கபிலம்தான். மகளைக் கூப்பிட்டேன். அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உண்மையா பச்சைதான் அப்பா" என்றாள். இருவரும் சேர்ந்து என்னை மடையனாக்குகிறார்கள் என்று கோபம் வந்தது.

மகள் ஏழு பலாத் துண்டுகளையும் தரையில் பரப்பினாள். "இதில ஒரே நிறமா இருக்கிற ரெண்டை எடுங்கோ." எடுத்துக் கொடுத்தேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் போனில் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டி, உள்ளே என்ன இலக்கம் என்று கேட்டாள். இலக்கமா? எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன.

அடுத்த கிழமை காலி வீதியில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். அவர் அதே மாதிரிப் புள்ளிப் படங்களைப் புத்தகத்தில் காட்டினார்.

"இது பிறப்பிலயே இருக்கிறது. சிவப்பு, பச்சை, கபிலம் எல்லாம் உங்களுக்குக் கலந்துதான் தெரியும். இவ்வளவு காலமும் தெரியாதா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, டொக்டர்."

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வெளியே வந்து வீதியோரம் நின்றேன். எதிரே பஸ்கள், பழக்கடை, துணிக்கடைப் பலகை. இதில் எதை நான் சரியாகப் பார்க்கிறேன், எதைப் பிறர் சொல்லிக் கேட்டு நிறம் என்று பழகிவிட்டேன்?

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவியிடம் கேட்டேன். "நான் உம்மைப் பொம்பிளை பாக்க வந்தண்டைக்கு நீர் கட்டியிருந்தது என்ன நிறச் சீலை?"

"பச்சை. இலைப் பச்சை."

"நான் கபிலம் எண்டெல்லோ சொல்லிறனான்."

"ஓம். எத்தினை தரம் சொல்லியிருக்கிறீங்கள்." கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "அதுக்கு முதல் வேற ஆரையோ பாத்திட்டு, அந்தச் சீலையை என்னோட குழப்புறீங்கள் எண்டு நினைச்சனான்."

"இருபத்திரெண்டு வருசமாவா? கேட்டிருக்கலாமே!"

"கேட்டு, ஓமெண்டு சொல்லிப்போட்டால்?"

நடைபாதையில் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைக்கச் சட்டைப்பையைத் துழாவினேன். அவள் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தன் முகத்தைத்தான் துடைத்தாள்.

கதிரையை மஞ்சள் தெரியும்வரை தேய்த்தெடுக்க இரண்டு நாட்கள் பிடித்தன. இந்த முறை கொட்டைப்பாக்கை இடித்து அவித்து, துளி சுண்ணாம்பு கலந்தோம். நான் பூச, அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று சொன்னாள். "இன்னும் ஒருக்கா. காணாது. காலில கொஞ்சம் கூட." மூன்று பூச்சுக்குப் பிறகு, "சரி, இப்ப ஓரளவு ஒத்து வருது" என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்வது?

பலாத் துண்டுகளின் பின்பக்கத்தில் அவற்றின் நிறத்தைப் பென்சிலால் எழுதித் தரச் சொன்னேன். தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது துண்டிலேயே சண்டை. மனைவி அது கபிலம் என்றாள்; மகள் இல்லை, மெரூன் என்றாள். ஜன்னலடிக்குக் கொண்டுபோனார்கள், திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் மகள், மறந்துபோய்.