டொக்டொக் சார் போட்ட கையெழுத்து

ஏற்றுமதிக் கிடங்கில் அவருக்கு வைத்த பெயர் டொக்டொக் சார். வெளிநாடு போகும் பெட்டிகளைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது போகலாமா கூடாதா என்று எழுதுவதற்காகத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் திறக்க மாட்டார். விரலை மடக்கிப் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், உள்ளிருந்து யாரோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். தர்பூசணி வாங்குகிறவர்கள்கூட இதைவிட அக்கறையாகத் தட்டுவார்கள்.

பெட்டியைத் திறந்தவரே திரும்ப அடுக்கி, டேப் ஒட்டி, புது சீல் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. "திறந்தா மூடணும்ல? யாரு மூடுறது, உங்க மாமனாரா?" என்று சுமை தூக்குகிறவர்களிடம் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். இதே மனிதர் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்ப்பார். மூடியில் ஒரு கீறல் இருந்தது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை.

மேலதிகாரிகளுக்கு அவர் செல்லப்பிள்ளை. அவர் மேஜையில் எதுவும் தேங்காது, கம்பெனிக்காரர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். வாழ்நாளில் ஒரு பைசா லஞ்சம் வாங்கியதில்லை என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லிக்கொள்வார். கை சுத்தமாம். வேலையே செய்யாத கை அழுக்காக வழி ஏது?

அந்தக் கிடங்கு வழியாக ஒரு கம்பெனியின் பெட்டிகள் அடிக்கடி போயின. மேலே 'சுவர் சோதனைக் கருவி, கட்டட வேலைக்கு' என்று எழுதியிருக்கும். உள்ளே இருந்ததோ, மறைத்து வைத்த மைக்கையும் கேமராவையும் மோப்பம் பிடிக்கிற கருவி. தங்கப்போகும் அறையில் எவன் என்ன ஒளித்து வைத்திருப்பானோ என்று பயப்படுகிற பெண்ணுக்கு அது காவல். ஆட்களைப் பூட்டி வைத்து வேலை வாங்குகிறவன் கையில் அதுவே வேறு சங்கதி. அதனால்தான் சில நாடுகளுக்கு அதை அனுப்பவே கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் பாட்டுக்கு இருந்தது. டொக்டொக் சார் பாட்டுக்குத் தட்டினார்.

அவருக்கு ஒரே மகள், பத்திரிகை நிருபர். இங்கிருந்து தையல் வேலைக்குப் போன பெண்களை அந்த நாடுகளில் ஒன்றில் தொழிற்சாலைக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதப் போனாள். அவளை உள்ளே விடவில்லை. தையல்காரப் பெண் ஒருத்தி துணிந்து, பொத்தான் அளவு மைக்கைச் சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனாள். சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு காலை வாசலில் காவலாளிகள் கையில் புதுக் கருவி இருந்தது. அவள் கழுத்தருகே கொண்டு போனதும் அது கத்தியது. அவளைப் பிடித்துப் போனார்கள். நிருபரையும் அழைத்துப் போய் விசாரித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வந்த மகள் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, என்னை விசாரிச்ச ரூம்ல அந்த மெஷின் மேஜைமேல கிடந்துச்சு. பின்னாடி ஸ்டிக்கர்ல நம்ம மொழியில 'ஈரம் படாமல் வைக்கவும்'னு போட்டிருந்துச்சு. கம்பெனி பேரும் இருந்துச்சு."

"இங்கேர்ந்து எவ்வளவோ போகுதும்மா."

"உங்க கிடங்கு வழியாத்தானே போகுது?"

"கம்பெனிக்காரன் பொய்யா எழுதினா அதுக்கு நான் என்ன பண்றது?"

"பொய்யா உண்மையான்னு பாக்கத்தானே உங்களை வச்சிருக்காங்க?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மகள் விடவில்லை. அதே கம்பெனியின் அடுத்த சரக்கு மறுநாள் அதே நாட்டுக்குப் போக இருப்பதை அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு பெட்டியைத் திறங்கப்பா. நீங்க நிறுத்தினா, முன்னாடி எப்படிப் போச்சுன்னு கேள்வி வரும். இங்க கேள்வி வந்தாத்தான் அங்க அவளைப் பத்தி எவனாவது வாயைத் திறப்பான். அவ உயிரோட இருக்காளான்னே தெரியலப்பா."

அவர் வெகுநேரம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "சரிம்மா. திறக்கிறேன்."

திறக்கவும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. டொக்டொக் சார் கத்தியைக் கேட்டதும் கிடங்கே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பஞ்சுக்குள் கறுப்புக் கருவிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஈரம் படாமல் வைக்கவும். பொத்தானை அமுக்கியதும் அவருடைய சட்டைப் பையில் இருந்த செல்போனைப் பார்த்தே அது கத்த ஆரம்பித்தது. பதறிப்போய் அணைத்துவிட்டு மேலதிகாரி அறைக்குப் போனார்.

மேலதிகாரி நிதானமாகக் கேட்டார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை? சுவரைத் தவிர வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டேன்னு வாங்குறவனே எழுதிக் குடுத்திருக்கான்."

"உள்ளே இருக்கிறது அது இல்லை சார்."

"சரி, நிறுத்துங்க. முன்னாடி போனதையெல்லாம் யாரு விட்டதுன்னு கேப்பாங்க. யாரு விட்டது?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?"

டொக்டொக் சார் திரும்பி வந்தார். கருவியைப் பஞ்சுக்குள் வைத்து மூடி, சுருக்கம் இல்லாமல் டேப் ஒட்டி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நேர்த்தியாக அவர் ஒரு வேலையும் செய்து யாரும் பார்த்ததில்லை. அதுவரை அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மரியாதையும் அன்றோடு போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மடியில் துணிப்பை, கையில் அவருடைய மனைவி கொடுத்த டீ. பிடிபட்ட தையல்காரப் பெண்ணைப் பெற்றவள். அவருடைய மகள் அவள் பக்கத்தில் இருந்தாள்.

"திறந்தீங்களாப்பா?"

"திறந்தேன்."

"அப்புறம்?"

"மூடிட்டேன்."

அந்த அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"கவர்மெண்ட்ல வேலைன்னு பாப்பா சொல்லுச்சுங்க ஐயா. எம் பொண்ணு தினமும் போன் பண்ணுவா. இப்ப ஒரு தகவலும் இல்ல. நீங்கதான் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும்."

"பாக்கலாம்மா. விசாரிக்கச் சொல்றேன்." ஆபீஸில் பழகின நாக்கு, தானாகவே சொல்லிவிட்டது.

மகள் குறுக்கிட்டாள். "இவர் விசாரிக்க மாட்டாரும்மா. உங்க பொண்ணைப் பிடிச்சுக் குடுத்த மெஷினை அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே இவர்தான். இன்னிக்கும் போட்டுட்டுத்தான் வந்திருக்காரு."

அந்த அம்மா அவரையே பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுகூட அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கும். அவளோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"நீங்கதானுங்களா ஐயா? அப்ப அங்க உங்க கையெழுத்து செல்லும்ல? இன்னொண்ணு போட்டு எம் பொண்ணை அனுப்பச் சொல்லுங்க."