தாலி கட்ட ஒரு கூரை

மைக் செட் கட்டுகிறவனை யாரும் முதல் பந்திக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் கல்யாணத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்பதற்கு மட்டும் விடியுமுன்னே வந்து கதவைத் தட்டுவார்கள்.

தலவாக்கலையில் ஒரு மைக் செட் கடையில் எனக்கு வேலை. வட்டகொடையிலிருந்து லிந்துலை வரைக்கும் நான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத மரம் இல்லை. எந்தக் கூரை ஒழுகும், எந்த வாசலில் சேறு நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற எங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு இடம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கங்காணி. தொண்டைக்குள் தகர டப்பா உருளுகிற மாதிரிக் குரல். "லயத்து வீட்டு வாசல்ல ஆனி மழையில நனைஞ்சுக்கிட்டு என் மகன் தாலி கட்ட மாட்டான். ஒழுகாத கூரையா ஒண்ணு பாருங்க. இல்லாட்டி தை மாசத்துக்குத் தள்ளிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே டப்பாக் குரலில் நான் பேசிக் காட்டினேன். எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிற அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஏற்கெனவே ஒரு தடவ தள்ளியாச்சுடா. இன்னொரு தடவ தள்ளுனா கொழுந்துக் கூடைக்கே கழுத்த நீட்டிருவேன், பாத்துக்க!" என்றாள்.

கல்யாணத்துக்கு இடம் தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களே, இனி என் பாட்டைக் கேளுங்கள்.

தேயிலை மாடி

முதலில் என் கண்ணில் பட்டது ஸ்டோர். அதாவது எங்கள் தேயிலைத் தொழிற்சாலை. மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடம் இருக்கிறதே, அதற்கு ஈடான மண்டபம் கண்டியில்கூடக் கிடையாது. நீளம், அகலம், நல்ல கதகதப்பு. வாழைமரம் கட்ட வேண்டிய தூண்களைக்கூட மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டு டீமேக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

அவர் மூக்கால் பேசுகிறவர். மூக்காலேயே தேயிலையின் தரம் பார்க்கிறவர். ஒரு பிடித் தேயிலையை முகர்ந்தபடியே சொன்னார்: "தம்பி, தேயிலைக்கு எந்த வாசம் பட்டாலும் இழுத்துக்கும். நீ இங்க பந்தி போட்டீன்னா, லண்டன்ல தொரைசாணி டீயக் குடிச்சுப்புட்டு, 'சாம்பார்ல உப்புக் கொறைச்சல்'னு கடுதாசி எழுதுவா!"

நானா கடைப் படி

அடுத்தது டவுனில், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் பலசரக்குக் கடை. அதன் மாடியில் அரிசி மூட்டை அடுக்குகிற பெரிய அறை. "எடமும் ஈக்கி, மனசும் ஈக்கி. மூட்டய எல்லாம் ஒதுக்கித் தாறன்" என்றார் நானா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இடத்தைக் காட்ட மாப்பிள்ளையின் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா கொஞ்சம் கனத்த சரீரம். கோட்டு வேறு, கக்கத்தில் குடை வேறு. ஏறும்போது எப்படியோ ஏறிவிட்டார். மேலே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முதல் தடவையாக, "பரவாயில்லையே" என்றுகூடச் சொன்னார். இறங்கும்போதுதான் படியின் வளைவில் குடை ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமுமாகச் சிக்கிக்கொண்டன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. டப்பாக் குரல் கீச்சுக் குரலாக மாறி, "தம்பி... தம்பி..." என்றது.

நானா துளியும் பதறவில்லை. கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "மூட்ட எறக்கிற மாதிரித்தான். ஒத்தன் மேல நிண்டு தள்ளு, ஒத்தன் கீழ நிண்டு புடி. கொக்கி மட்டும் போட்டுறாதீங்க, சம்பந்தி கிழிஞ்சிருவாரு!" என்றார்.

பின்னால் நின்ற ஆள்

மிஞ்சியது எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவம்தான். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. தகரக் கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. ஞாயிற்றுக்கிழமை நிறுவையும் கிடையாது. ஆனால் மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மனசு வைத்துத் தோட்டத்துத் துரையிடம் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் அவர் வரும்வரை காத்திருந்தேன். சும்மா இருக்க வாய் விடுமா? கொழுந்து பறிக்கிற அக்காமாருக்கு அவர் மாதிரியே இடுப்பில் கை வைத்து, "ஏய்! அங்க என்னா பேச்சு? கை ஓடட்டும், வாய் நிக்கட்டும்!" என்று ஒரு அதட்டல் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கைகள் மட்டும் வேகமாக ஓடின. திரும்பிப் பார்த்தால் கண்டாக்கு ஐயா.

கேட்க வந்ததை எப்படியோ உளறினேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "மடுவத்தத் தர்றேன், தொரைக்கிட்டயும் நானே பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு, அன்னைக்கு மைக்குல என் கொரல் கேட்டுச்சுன்னா, நீ கொழாய் கட்டுன மூங்கிலயும் பிடுங்கிக்கிட்டு ஓட வேண்டி வரும்!" என்றார்.

வரிசை

கல்யாணத்தன்று கொட்டோ கொட்டென்று மழை. மடுவத்துக்குள் ஒரு சொட்டு இல்லை. மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தாயிற்று. பூசாரி, "பொண்ண அழைச்சுக்கிட்டு வாங்க" என்றார். பொண்ணைக் காணோம். "எங்க பொண்ணு? நேரம் போகுதுல்ல!" என்று மாமா உறுமினார். நான் மைக்கை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

விஷயம் இதுதான். மடுவத்துக்கு வந்தால் கொழுந்து பறிக்கிற பெண்கள் பக்கவாசலில் வரிசையாய் நின்றுதான் நிறுவைக்கு உள்ளே வருவார்கள். அன்றைக்கும் பழக்கம் விடாமல் சீர்த் தட்டுகளோடு பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். கடைசி ஆளாக, மாலையும் கழுத்துமாக, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு எங்கள் அக்கா! "முன்னுக்குப் போக்கா!" என்று நான் கத்தினால், "எனக்கு முன்ன வந்தவங்க நிக்கிறாங்கல்ல?" என்கிறாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மணையருகே நிறுத்தினேன். பட்டுச் சேலையிலிருந்து தண்ணீர் ஓடியது. மடுவமே மாமா முகத்தைப் பார்த்தது. அவரும் கங்காணிதானே! ஈரக் கொழுந்தென்றால் தண்ணீருக்கென்று எடையில் இத்தனை றாத்தல் கழிக்கிற வழக்கம் அவருக்குத் தெரியாதா? அக்காவை மேலும் கீழும் பார்த்தார். திடீரென்று டப்பா உருண்டது. ஆனால் சிரிப்பாக உருண்டது. "கட்டுடா தாலிய! ஈரப் பொண்ணுதான், இருந்தாலும் ஒரு றாத்தலும் கழிக்காம எடுத்துக்கிறோம்!"

ஆகையால் என்னைப் போல் அலைகிற அன்பர்களே, ஒழுகாத கூரையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம், அதன்கீழே சிரிக்கிற சம்பந்தியைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பெரும்பாடு.