ஸ்டீபன் அண்ணனுக்குக் கொடுத்த பெண் மீன்

நாகர்கோவிலில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஸ்டீபன் அண்ணன், ஜோடி என்று சொல்லித்தான் அந்தக் குள்ளச் சிக்லிட் மீன்கள் இரண்டையும் எனக்கு விற்றார். முட்டையிட மறைவிடம் வேண்டுமென்றார். தொட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்தேன். ஒரு வருஷமாகியும் முட்டை இல்லை. கேட்கும்போதெல்லாம், "பொறுமை வேணும் மக்கா" என்பார்.

ஒருநாள் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றது. இரண்டும் ஆண் என்று அப்போதுதான் தெரிந்தது. போய்க் கேட்டேன்.

"பொட்டைய தந்தா நீயே குஞ்சு எடுப்ப. பொறவு எனக்க கடைக்கு எவன் வருவான்?" என்று சிரித்தார்.

வேறு இடத்தில் பெண் மீன்கள் வாங்கினேன். தொட்டிகளில் குஞ்சுகள் நிறைந்தன. பிறகு அவரே என் வீடு தேடி வந்தார். அவரிடமிருந்த பெண் மீன்களெல்லாம் செத்துப்போயினவாம்.

"ஒரு பொட்டை தருவியா மக்கா?"

குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்த தாயிடம் போன என் வலை, பாதியில் திரும்பியது. பக்கத்துத் தொட்டியில் ஒருத்தி இருந்தாள்; இட்ட முட்டையை ஒவ்வொரு முறையும் தானே தின்றுவிடுகிறவள். அவளைப் பிடித்துச் சும்மாவே கொடுத்தேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அடிக்கடி போன் வருகிறது.

"இந்தத் தடவையும் தின்னுட்டு மக்கா."

"பொறுமை வேணும் அண்ணே" என்கிறேன். என் குரல் இவ்வளவு இதமானது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.